யாரும் சாகாமல் ஒரு விடுமுறை

கொட்வின் தன் வாழ்க்கையில் நாலு பேரைச் சாகடித்திருக்கிறார். இரண்டு பெரியம்மாக்கள், ஒரு சித்தப்பா, பெயர்கூட ஒழுங்காக வைக்காத ஒரு மச்சான். எல்லாம் தொண்ணூறுகளில், ஜேர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் அகதிகள் தங்கிய விடுதியில் இருந்தபோது செய்த காரியங்கள். அந்த நாலு பேரில் ஒருவரும் பிறக்கவே இல்லை என்பதால், இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா விடலாமா என்று அவருக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. ஒருமுறை துணிந்து சொல்லியும் பார்த்தார். சுவாமியார் சிரிப்பை அடக்குவதற்காக இரண்டு தரம் இருமிவிட்டு, மூன்று அருள்நிறைந்த மரியே மட்டும் சொல்லச் சொன்னார்.

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை, குடியிருக்கும் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டுவதென்றால் அலுவலகத்தில் ஒரு கடதாசி எடுக்க வேண்டும். கடதாசிக்குக் காரணம் வேண்டும். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று நான்கில் கொட்வினிடம் அருமையான காரணம் ஒன்று இருந்தது. டுசல்டோர்ஃபில் இருந்த அவருடைய அக்கா அன்ரனிற்றாவுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்துக்குக் கொட்வின்தான் ஞானத்தகப்பன். பங்குச் சுவாமியாரின் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு போய் நின்றார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமலே, ஞானஸ்நானம் அவசியமான காரணம் அல்ல என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கொட்வின் கடதாசி இல்லாமலே தொடருந்தில் ஏறினார். அரைவாசி வழியில் சோதனை வந்தது. இறக்கித் திருப்பி அனுப்பினார்கள். அவர் விடுதிக்குத் திரும்பிவந்து கட்டிலில் இருந்த நேரத்தில், பிள்ளையை வேறு யாரோ ஏந்திக்கொண்டு நின்றார்.

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். கொட்வின் மறுபடியும் போனார், ஆனால் சாவுச் செய்தியோடு போனார். அந்த வித்தையை விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த மகேந்திரராஜாவிடம் கற்றுக்கொண்டார். சந்தோசத்துக்குக் கடதாசி கிடையாது, துக்கத்துக்கு உண்டு என்பது மகேந்திரராஜா கண்டுபிடித்த விதி. விதி பிழைக்கவில்லை. முதலாவது பெரியம்மா செத்த அன்றே கடதாசி கையில் கிடைத்தது.

பிறகு காலம் நல்லபடி ஓடியது. விண்ணப்பம் சரிவந்தது, புஷ்பமலர் மனைவியாக வந்து சேர்ந்தாள், மகள் லவினியா பிறந்தாள். கொட்வின் உணவகத்தில் கோப்பை கழுவினார், பூந்தோட்டத்தில் செடி பிடுங்கினார், பிறகு குளியலறைச் சாமான்கள் வைக்கும் பெரிய களஞ்சியம் ஒன்றில் ஸ்ராப்ளர் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார். பாரம் தூக்கும் அந்தச் சின்ன வண்டி அவருடைய கைக்கு அப்படியே வாலாயமாகிவிட்டது. எட்டு மீற்றர் உயரத்திலிருந்து கண்ணாடிப் பெட்டிகளை இறக்குவதென்றால் மற்றவர்கள் விலகி நின்று கொட்வினைக் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கைகழுவும் தொட்டிகூட அவர் கையால் உடைந்ததில்லை. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

ஜேர்மன் கடவுச்சீட்டு கிடைத்த கிழமையே அவர் செய்த முதல் வேலை, பாரிசுக்குத் தொடருந்து ஏறிப் போய், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, அதே நாள் திரும்பி வந்தது. ஏன் போனீர்கள் என்று மலர் கேட்டதற்கு, இனி எங்கே போனாலும் ஒருவனிடமும் கேட்க மாட்டேன், அதைப் பார்க்கப் போனேன் என்றார். தலைக்கனம்தான். ஆனால் அந்தத் தலைக்கனத்தை அவர் சும்மா பெறவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்தைந்தாவது வயதில் வேலை போனது. களஞ்சியத்தை மூடிவிட்டு வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்றரை வருடம் காப்புறுதிப் பணம் வந்தது. அதற்குப் பிறகு ஜொப்சென்டர், அதாவது வேலையில்லாதவர்களுக்கு உதவிப்பணம் கொடுத்து வேலையும் தேடிக்கொடுக்கும் அலுவலகம். வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. மலர் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலைக்குப் போனாள், லவினியா டுசல்டோர்ஃபில் தாதியாகிவிட்டாள். குறை வேறு இடத்தில் இருந்தது. காலை ஐந்து மணிக்கு விழித்து, தலைவாரி, சப்பாத்துப் போட்டு, போவதற்கு இடமில்லாமல் கொட்வின் குசினி மேசையில் இருந்தார். எழுபத்தெட்டு விண்ணப்பம் எழுதியாயிற்று. ஊர்ச்சனத்தோடு பேசும்போது மட்டும், இரவு வேலைக்கு மாறிவிட்டேன் என்று சொல்லிவைத்திருந்தார்.

வியாழக்கிழமைகளில் பங்குக் கோவில் மண்டபத்தில் வேலையில்லாதவர்களுக்குக் காலை உணவு கொடுப்பார்கள். கொட்வின் கதிரை அடுக்கிக் கொடுக்கப் போகிறேன் என்ற சாட்டில் அங்கே போவார். உண்மையில் அவரும் பாணும் ஜாமும் சாப்பிடத்தான் போனார். மே மாதத்தில் ஒரு வியாழன், அங்கே பொறுப்பாக இருந்த அம்மையார் ஒரு செய்தி சொன்னார். நொர்டர்னைத் தீவில் திருச்சபைச் சங்கம் ஒன்றுக்கு விடுமுறை இல்லம் இருக்கிறது. வேலையில்லாதவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் ஜூன் மாதத்தில் ஒரு கிழமை அங்கே கூட்டிப்போகிறார்கள். மூன்று வேளை சாப்பாடு, கடலைப் பார்த்த அறை, செலவில் பெரும்பகுதி சங்கத்தின் பொறுப்பு. கொட்வின் தம்பதிக்கு ஒரு அறை இருக்கிறது.

கொட்வினுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. வேலை செய்கிறவன் விடுமுறை எடுப்பான். வேலையே இல்லாதவனுக்கு எதிலிருந்து விடுமுறை? அவரைப்போல யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்த எவருக்கும் கடல் என்றால் மீன்பிடித் தொழில் செய்யும் இடம். அதைக் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது, லீவு நாளில் களஞ்சியத்துக்குப் போய் ஸ்ராப்ளரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல. அதையும் அவர் செய்யக்கூடியவர்தான் என்பது வேறு கதை.

மலருக்கு உடனே விளங்கிவிட்டது. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர்கள் போகாத இடமில்லை. லண்டனில் கலியாணம், பாரிசில் பெரியபிள்ளையானவளுக்குச் சாமத்தியவீடு, சுவிசில் செத்தவருக்கு முப்பத்தொன்றாம் நாள், ஓகஸ்ட் மாதத்தில் தவறாமல் கெவலார் மாதா திருவிழா. எங்கே போனாலும் அது யாரோ ஒருவர் வீடு. போகும்போது பலகாரப் பெட்டி, போய் இறங்கினால் வெங்காயம் உரிக்கிற வேலை, இரவில் கூடத்தில் பதினொரு பேரோடு வரிசையாகப் படுக்கை. எவர் வீட்டிலும் இல்லாமல், எவருக்கும் சமைக்காமல், வேறொருவர் விரித்துவைத்த கட்டிலில் அவள் ஒரு இரவும் படுத்ததில்லை. முதியோர் இல்லத்தில் நாளுக்குப் பதினெட்டுக் கட்டில் விரிக்கிறவளுக்கு அந்த ஆசை வருவது நியாயம். அவள் அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தாள். மழைச்சட்டையும் வாங்கினாள். யாற்ற வீட்டை போறியள் என்று கோவிலில் கேட்டவர்களுக்கு, ஒருத்தற்றை வீட்டையும் இல்லை என்று பெருமையாகச் சொன்னாள். கேட்டவர்கள், வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

மலரின் முகத்தைப் பார்த்து கொட்வினும் சரி என்றார். அப்போதுதான் பங்கு அம்மையார் இன்னொன்று சொன்னார். உதவிப்பணம் எடுக்கிறவர் ஊரைவிட்டுப் போவதென்றால் முன்கூட்டியே ஜொப்சென்டரில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பெரிய விசயமில்லை, ஒரு கையெழுத்து.

அம்மையாருக்குப் பெரிய விசயமில்லை. கொட்வின் கையிலிருந்த பாணைத் தட்டில் வைத்துவிட்டார். முப்பது வருடம் கழித்து, தலை நரைத்து, கடவுச்சீட்டும் வைத்துக்கொண்டு, எல்லை தாண்டக் கடதாசி கேட்டு மறுபடியும் ஒரு மேசைக்கு முன்னால் போய் நிற்பதா? நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு கிழமையை இழுத்தார். சனிக்கிழமை கப்பல். அதற்கு முன் திங்கள் இரவு, இன்னும் கையெழுத்து வாங்கவில்லை என்று மலரிடம் சொல்லப் பயந்து, மகேந்திரராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

மகேந்திரராஜா இப்போது ஓய்வு பெற்று, கணினியில் தமிழ்ச் சனத்துக்குக் கலியாண அட்டையும் மரண அறிவித்தலும் வடிவமைத்துக் கொடுக்கிறார். உலகம் மாறினாலும் அவருடைய விதி மாறவில்லை.

“விடுமுறை எண்டு வாயைத் திறந்தியோ, காசை வெட்டிப்போடுவாங்கள். செத்தவீடு எண்டு சொல்லு,” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை கொட்வின் தன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜொப்சென்டருக்குப் போனார். அவருடைய கோப்பைப் பார்ப்பவர் திருமதி லோமான் என்ற நடுவயதுப் பெண். என்ன விசயம் என்று அவர் கேட்டதும், முப்பது வருடத்துக்கு முந்திய பழக்கம் தானாக வாயைத் திறந்தது. நொர்டர்னையில் அக்கா செத்துவிட்டார், ஒரு கிழமை போக வேண்டும் என்றார். பெரியம்மாவைச் சொல்லத்தான் நினைத்திருந்தார். ஆனால் தன் வயதில் ஒருவருக்கு இவ்வளவு நாள் சாகாத பெரியம்மா இருந்ததென்றால் நம்ப மாட்டார்கள் என்று கடைசி நிமிடத்தில் ஒரு கணக்கு ஓடியது. பெயர் கேட்டார் லோமான். பொய்ப் பெயர் ஒன்றும் நாக்கில் வரவில்லை. அன்ரனிற்றா என்று சொல்லிவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் கொட்வின் தயாராக வரவில்லை. அந்தக் காலத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் தலை நிமிர்ந்ததில்லை. திருமதி லோமான் எழும்பி மேசையைச் சுற்றி வந்து, கொட்வினின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தன்னுடைய தாய் மார்ச் மாதம் இறந்ததாகவும், இன்னும் அவருடைய தொலைபேசி இலக்கத்தை அழிக்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. ஒரு கிழமை தாராளமாகப் போய்வாருங்கள், இழப்பு என்றபடியால் மரணப் பத்திரமோ துக்க அறிவித்தலோ ஒன்றை மட்டும் வியாழனுக்குள் கொண்டுவந்தால் கையெழுத்து வைத்துவிடுகிறேன் என்றார். கொட்வின் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, வாசல் படியில் கொஞ்ச நேரம் இருந்தார். பொய் சொல்லப் போன இடத்தில் மனம் உள்ள ஒரு மனிசி இருந்துவிட்டாள். அதுதான் அவருக்குப் பெரிய தொல்லையாகப் போனது.

மகேந்திரராஜாவுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. பத்து நிமிடத்தில் சிலுவையும் மெழுகுதிரியும் போட்டு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், ஒரு துக்க அறிவித்தல் தயார். படம் மட்டும் வேண்டும் என்றார். கொட்வின் கைத்தொலைபேசியில் தேடினார். போன வருடம் கெவலாரில், மாதா கோவில் முற்றத்தில், அன்ரனிற்றா ஐஸ்கிறீம் ஒன்றை உருகுவதற்குள் தின்று முடிக்கும் அவசரத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். அதைத்தான் அனுப்பப் போனார். அப்போது மகேந்திரராஜா மறுமுனையில், செத்த திகதி என்ன போடுறது என்று கேட்டார். கொட்வின் படத்தை அனுப்பவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை மலர் பெட்டி அடுக்கினாள். சோறு போடும் குக்கரையும் மிளகாய்த்தூள் போத்தலையும் உள்ளே வைத்தாள், சாப்பாடு அங்கே தருவார்கள் என்று நினைவு வந்து வெளியே எடுத்தாள், ஒரு அவசரத்துக்கு என்று மிளகாய்த்தூளை மறுபடி வைத்தாள். அவளுக்கு உதவி செய்ய வேண்டிய மனிதர் சன்னலடியில் பேயறைந்ததுபோல் இருந்தார். என்ன என்று கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் சாமர்த்தியம் கொட்வினுக்கு அலுவலகத்தில் மட்டும்தான் உண்டு, வீட்டில் கிடையாது. ஒன்றும் விடாமல் சொன்னார்.

மலர் கத்தவில்லை. கையிலிருந்த மழைச்சட்டையை மடித்துப் பெட்டிக்கு வெளியே வைத்தாள்.

“எனக்குக் கடல் வேணும்தான்,” என்றாள். “ஆனா மச்சாளைச் சாக்காட்டிப்போட்டுப் போய்ப் பாக்கிற கடல் எனக்கு வேண்டாம்.”

சொன்னதோடு நிற்கவில்லை. அன்ரனிற்றாவையே அழைத்து, விசயத்தைச் சொல்லி, தொலைபேசியை மேசை நடுவில் இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள். மறுமுனையில் முதலில் ஒரு சிரிப்பு. கொட்வின் ஏச்சுக்குக் காத்திருந்தார்.

“தம்பி,” என்றார் அன்ரனிற்றா, “அண்டைக்கு நீ உள்ளதைச் சொல்லித்தான் கேட்டனி. அவங்கள் தரேல்லை. அது அவங்கடை வெக்கம். இண்டைக்கு ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லேல்லை. நீ கேக்கவுமில்லை. இது உன்ரை வெக்கம்.”

முப்பது வருடமாக அந்த ஞானஸ்நானத்தைப் பற்றி அக்காவும் தம்பியும் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு போய்க் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டுவைத்தார்.

வியாழக்கிழமை அவர் காலை உணவுக்குப் போகவில்லை. ஜொப்சென்டர் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நின்றார். உள்ளதைச் சொன்னால் கையெழுத்துக் கிடைக்காமல் போகலாம், மலரின் கிழமை போய்விடலாம், பொய் சொன்னதற்கு வேறு நடவடிக்கையும் வரலாம். எல்லாவற்றையும் இரவு முழுக்க நினைத்துப் பார்த்தாயிற்று. இருந்தாலும் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. எட்டு மீற்றர் உயரத்திலிருந்து கண்ணாடி இறக்குகிறவனுக்குக் கை நடுங்கக்கூடாது.

திருமதி லோமான் எழும்பி, பத்திரத்துக்குக் கை நீட்டினார். கொட்வின் இருக்காமல் நின்றபடியே சொன்னார். சொன்னது டொச்சில். நம் பேச்சில் சொன்னால் இப்படி:

“ஒருத்தரும் சாகேல்லை. என்ரை அக்கா டுசல்டோர்ஃபிலை நல்லா இருக்கிறா. நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். நீங்கள் என்ரை கையைப் பிடிச்சனீங்கள், அதாலை எனக்கு ரெண்டு நாளா நித்திரையில்லை. நான் மனுசியோட விடுமுறைக்குப் போகப்போறன். அவ்வளவுதான்.”

லோமானின் நீட்டிய கை மெல்ல இறங்கியது. கன்னம் சிவந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். குரலில் மென்மை இல்லை. கொட்வின் ஞானஸ்நானத்தைச் சொன்னார், தொடருந்தைச் சொன்னார், நாலு பேரைச் சாகடித்த கதையையும் சொன்னார். மன்னிப்பு ஒரு தரம்தான் கேட்டார், தெளிவாகக் கேட்டார். லோமான் சன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கடைசியில் கதிரையில் உட்கார்ந்து கணினியைத் தன் பக்கம் திருப்பினார். உங்களிடம் எனக்குக் கோபம் இருக்கிறது, அது இன்றைக்குப் போகாது என்றார். ஆனால் விடுமுறை என்றால் வருடத்தில் மூன்று கிழமை போகலாம், அதற்கு எவரும் சாகவும் தேவையில்லை, காரணம் சொல்லவும் தேவையில்லை என்றார். எப்போது போகிறீர்கள், எப்போது வருகிறீர்கள், எந்த இலக்கத்தில் பேசலாம். இவ்வளவுதான் கேள்வி. இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. கையெழுத்தும் வைத்தாயிற்று.

கொட்வின் தாளை வாங்கி ஒருமுறை வாசித்தார். திருப்பி மேசையில் வைத்தார்.

“இதிலை காரணம் எழுதேல்லை,” என்றார்.

காரணத்துக்கு இந்தப் படிவத்தில் இடமே இல்லை என்று லோமான் மறுபடி விளக்கினார்.

“இடம் இல்லாட்டில் கீழை எழுதுங்கோ. அண்டைக்கு நான் ஒரு நல்ல காரணத்தோட வந்தனான், ஒருத்தரும் எழுதேல்லை. இண்டைக்கு எனக்கு அது கடதாசியிலை வேணும்.”

என்ன எழுத வேண்டும் என்று லோமான் கேட்டார். கொட்வின் யோசிக்கவில்லை, சொன்னார். அந்தப் பெண் பேனாவை எடுத்து, அச்சு முடிந்த இடத்துக்குக் கீழே, நீல மையில், நிதானமாக ஒரு வரி எழுதி, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுக் கொடுத்தார். கொட்வின் தெருவுக்கு வந்து, மலரை அழைத்து, அந்த வரியைத் தமிழில் உரத்து வாசித்தார்: திரு. கொட்வின் சந்தோசமாக இருக்கப் போகிறார்.